5 லட்சத்துக்குள் நம்பி எடுக்கிற பழைய எஸ்யூவி: கொங்குப் பக்கம் வண்டி தேடுகிறவர்களுக்கு

நான் எடுத்த முதல் பழைய எஸ்யூவியைப் பார்க்கப் போனபோது மதியம் பன்னிரண்டரை மணி. பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடை வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. சித்திரை வெயில், சுடாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். சாவியைத் திருப்பியதும் எழுந்தது. அன்று மாலையே அட்வான்ஸ், நாலாம் நாள் வண்டி வீட்டில். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வாசலில் சாவி போட்டால் நாலு தடவை இழுத்தது. ஐந்தாம் தடவை வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்ததில் கட்டுத்தரை மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பானெட் ஏன் சுட்டது என்று அப்போதுதான் புரிந்தது. நான் வருவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் அப்பிச்சி கண்ணபுரம் சந்தைக்குக் காளை பிடிக்கப் போனால் முந்தின நாள் ராத்திரியே போய் அங்கேயே படுத்துக்கொள்வார். மாடு விடியற்காலையில் எப்படி எழுந்திருக்கிறது என்று பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார். பகலில் தவிடும் தண்ணியும் காட்டி, குளிப்பாட்டி நிறுத்தினால் எல்லா மாடும் நல்ல மாடுதான். அவருடைய பேரன் நான் பன்னிரண்டரை மணிக்குப் போயிருக்கிறேன். அந்த ஏமாற்றத்துக்கு அப்புறம் எனக்கும் சொந்தக்காரர்களுக்குமாக ஒன்பது வண்டிகள் பார்த்து எடுத்துக் கொடுத்தாயிற்று. கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

கையில் 5 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கு வண்டி பார்க்காதீர்கள். 4,20,000-க்குள் பாருங்கள். மீதி 80,000 தனியாக இருக்கட்டும். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், ஆயில், ஃபில்டர், பேட்டரி என்று முதல் மாதமே கைக்காசு கரையும். எஸ்யூவிக்கு நாலு டயர் மாற்றினால் அளவையும் கம்பெனியையும் பொறுத்து 25,000 முதல் 35,000 வரை ஆகிவிடும். கிளட்ச் செட்டும் சேர்ந்தால் அவ்வளவுதான். பழைய வண்டியில் கெட்ட பெயர் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வண்டியால் அல்ல, இந்த எண்பதாயிரத்தை ஒதுக்காததால்தான் வாங்குகிறார்கள்.

அடுத்தது ஓட்டம். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று உண்மையாகக் கணக்குப் போடுங்கள். வாரம் ஒருமுறை தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூர், மற்ற நாளெல்லாம் கடைவீதி என்றால் பெட்ரோலே போதும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு டீசல் கட்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளின் சைலன்ஸர் பாதையில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரியும். பனியன் கம்பெனிக்கும் வீட்டுக்கும் 3 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவரிடம் அது அடைத்துக்கொள்ளும். மாற்றப் போனால் விலை கேட்டே மயக்கம் வரும்.

உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டி

எந்த மாடல் நல்ல மாடல் என்று யாராவது கேட்டால், "உங்க ஊர் மெக்கானிக் யாருங்க?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காங்கயத்தில் வண்டி நின்றால் திங்கட்கிழமை மதியத்துக்குள் பார்ட்ஸ் கிடைத்து, கை பழகிய ஆள் பார்த்து, ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். நம்பகம் என்பதற்கு நம் பக்கம் அதுதான் அர்த்தம். கம்பெனி சர்வீஸ் சென்டர் கோவையில் மட்டும் உள்ள வண்டி எவ்வளவு உசத்தியானாலும் பல்லடத்துக்காரருக்கு வேண்டுமானால் பரவாயில்லை, அந்தியூர்க்காரருக்குச் சிரமம்.

பிரெஸ்ஸா டீசல், 2016 முதல் 2020 வரை வந்தது. அதிலிருக்கும் 1.3 லிட்டர் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர் என்று ஊர் முழுக்க ஓடிய எஞ்சின். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் போடுகிற மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியதாக இருந்தால் மட்டும் டர்போவையும் டைமிங் செயின் சத்தத்தையும் கவனிக்க வேண்டும். 2020-ல் டீசல் நின்று 1.5 லிட்டர் பெட்ரோல் வந்தது. குறைந்த ஓட்டக்காரர்களுக்கு அது நல்ல தேர்வு, ஆனால் இந்த பட்ஜெட்டுக்குள் கிடைப்பது அதிர்ஷ்டம்.

பொலிரோவைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி, பின்னால் லீஃப் பட்டை, இழுக்கிற எஞ்சின். வசதி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பத்து வருடம் கழித்து விற்றாலும் கேட்ட விலை கிடைக்கும். அதனாலேயே பழையதும் விலை இறங்காமல் நிற்கும். பொலிரோ எடுக்கும்போது பின் சீட்டைக் கழற்றி மாட்டிய தடம் இருக்கிறதா, லீஃப் பட்டையில் கூடுதலாக ஒன்று ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அது குடும்ப வண்டி இல்லை, கோழித் தீவன மூட்டை ஏற்றிய வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கம் கிடைப்பதில் போர்வெல் ரிக்குக்குத் துணையாக வெளிமாநிலமெல்லாம் ஓடியவையும் இருக்கும். அவற்றின் கிலோமீட்டரை மீட்டர் சொல்லாது.

ஸ்கார்ப்பியோவுக்கும் இதே பேச்சு பொருந்தும். கூடுதலாக ஒன்று: பானெட் ஓரத்தில் சின்னதாக அடைத்த ஓட்டை தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கொடிக்கம்பி மாட்டிய இடம் அது. கட்சி வேலைக்கு ஓடிய வண்டி கான்வாயில் எப்படி ஓடியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழைய டஸ்டர் 2012-ல் வந்து 2022-ல் நின்றது. ஈகோஸ்போர்ட்டைத் தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த இரண்டும் இன்று கொடுக்கிற காசுக்கு அதிக வண்டி. கெட்டியான பாடி, பள்ளம் மேடு தெரியாத சஸ்பென்ஷன். இந்த மாடல்களின் விற்பனை நின்றதால் விலை இறங்கியிருக்கிறது, பயமும் கூடியிருக்கிறது. என் கருத்து: கோவை, திருப்பூர், ஈரோடு நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் தாராளமாக எடுக்கலாம், நகரத்தைவிட்டுத் தள்ளி இருப்பவர் தன் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம். இரண்டிலும் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

பாதுகாப்பு முக்கியம் என்கிறவர்கள் நெக்ஸானைப் பார்க்கலாம். 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. எதை எடுத்தாலும் 2019-க்கு முந்தைய அடிப்படை மாடல்கள் பலவற்றில் ஏர்பேக் இருக்காது என்பதை மனதில் வைத்துக்கொண்டு எந்த வேரியன்ட் என்று கேளுங்கள்.

எங்கே தேடுவது

தெரிந்தவர் வண்டி முதலிடம். அப்புறம் நேரடி உரிமையாளர். அப்புறம் கம்பெனிகளின் பழைய வண்டிப் பிரிவு. அங்கே விலை கூடும், தேர்ந்தெடுத்த வண்டிகளுக்கு வாரன்டியும் உண்டு. கடைசியில் கன்சல்டிங். கன்சல்டிங்காரர்கள் எல்லாரும் மோசம் என்று சொல்லமாட்டேன். எனக்கு மிகச் சரியான வண்டியைக் காட்டியவரும் ஒரு கன்சல்டிங்காரர்தான்.

நம்பர் பிளேட் கொஞ்சம் கதை சொல்லும். டிஎன் 43 என்றால் நீலகிரி. மலையிலேயே ஏறி இறங்கிய வண்டிக்குக் கிளட்சும் பிரேக்கும் முதலில் பார்க்க வேண்டும். டிஎன் 69, 72, 74 எல்லாம் தெற்கு. கடலோரத்தில் நின்றதா என்று அடியில் துருவைப் பாருங்கள். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாளையாறு தாண்டி வரும் கேரள வண்டிக்கு 2018 ஆகஸ்ட். டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து அடிமட்ட விலைக்கு வண்டிகள் தெற்கே வரும். ஆட்சேபணை இல்லை என்கிற என்ஓசி சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்த லாபம் பாதியாகிவிடும்.

காலை ஆறரை மணி

பார்க்கப் போகும் நேரம் காலை. முந்தின நாளே, "வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாங்கண்ணா, நானே வந்து பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், "சரிங்க, நாளைக்கு வர்றேன்" என்று திரும்பிவிடுங்கள். நான் இரண்டு தடவை அப்படித் திரும்பியிருக்கிறேன். ஒருவர் மட்டும் மறுநாள் என் போனை எடுக்கவே இல்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலன்ட் தெரிய வேண்டும். செம்மண் தண்ணீர் போல இருந்தால் போர் தண்ணியை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் செய்யும் வேலையை, ஹீட்டர் கம்பியில் படியும் காரையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் கருப்பாக இருப்பதில் தப்பில்லை, டீசலில் அது இயல்பு. காப்பியில் பால் கலந்த நிறம் இருந்தால்தான் ஆபத்து. தண்ணீர் கலந்திருக்கிறது, பேச்சே வேண்டாம்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். டீசலில் ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து, ஒரு இழுப்பில் எழ வேண்டும். சைலன்ஸர் பக்கம் ஒருவர் நிற்கட்டும். ஒரு நொடி கரும்புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை நீடித்தால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ. ஐந்து நிமிடம் கழித்து, ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். லேசாகக் காற்று வந்தால் சரி. புஸ் புஸ்ஸென்று புகையோடு தள்ளினால் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், எஞ்சின் வேலை பக்கத்தில் இருக்கிறது. இதே சமயம் ஒயரிங்கில் டேப் சுற்றிய இடங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் நிற்கும் வண்டிக்கு எலிதான் முதல் எதிரி.

பாடி

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் உள்ளே பள்ளத்தை நிரப்பிய பட்டிப் பூச்சு இருக்கிறது. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துவிட்டால் கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராகத் தெரியும். அந்தச் சீர் கலைந்திருந்தால் அடிபட்ட வண்டி. பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள். எல்லாக் கண்ணாடியிலும் வருடக் குறி ஒன்றாக இருக்கிறதா, டயரில் நாலு இலக்கத் தேதி என்ன என்றும் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். சின்ன டிங்கரிங் வேலைக்கெல்லாம் முகம் சுளிக்க வேண்டாம், நம் ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடி உராயாத வண்டி ஏது? சேஸ், எஞ்சினுக்குப் பக்கத்துத் தகடான முன் ஏப்ரன், கூரைத் தூண் மூன்றில் வேலை நடந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஒரே சோதனை: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேறு கோடு போட்டிருக்கும்.

மீட்டர் 60,000 காட்டினால் பெடல் ரப்பர், ஸ்டீயரிங், ஓட்டுநர் சீட்டின் ஓரம் மூன்றும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடல் ரப்பரைப் புதிதாக மாற்றிவிடுவார்கள். 60,000 ஓடிய வண்டியில் புத்தம்புது பெடல் ரப்பர் என்றாலும் சந்தேகம்தான்.

ஓட்டம்

சமதளத்தில் கடை வாசலைச் சுற்றி வருவது டெஸ்ட் டிரைவ் இல்லை. சென்னிமலை, மருதமலை, திருச்செங்கோடு என்று பக்கத்து மலைப்பாதைக்குக் கொண்டு போங்கள். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி அந்த அளவுக்கு ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போயிற்று. டீசல் வண்டி 2,000 ஆர்பிஎம் பக்கம் வரும்போது டர்போ உந்துவது முதுகில் தெரிய வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கக்கூடாது. ஏசியை முழுதாக வைத்து, மேலே போய்ப் பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டவே கூடாது. இறங்கும்போது ஸ்பீடு பிரேக்கரில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காதை வையுங்கள். கடகடவென்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, புஷ் தேய்ந்திருக்கிறது. அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் தேறினால் உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ராம்பில் ஏற்றுங்கள். 1,000, 2,000 கொடுத்தாலும் தகும். எஞ்சின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். ராம்பில் ஏற்றவே விடமாட்டேன் என்கிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

காகிதம்

எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் பதிவு தேதி, எந்த வகை வண்டி, இன்சூரன்ஸ், கடன் உண்டா என்பதெல்லாம் தெரியும். மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளைக்கு மாறிய வண்டியா என்று ஆர்சியில் ஒப்பிடுங்கள். சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம்தான் செல்லும். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. 2012 வண்டி எடுக்கிறவர் அந்தத் தேதியைப் பார்த்து விலை பேச வேண்டும்.

இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு ரகசியம் இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. நோ கிளைம் போனஸ் என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். கிளைம் வாங்காமல் ஒவ்வொரு வருடமும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். "ஒரு கீறல் கூட இல்லீங்க" என்கிறவர் பாலிசியில் அது பூஜ்யம் என்றால் போன வருடம் ஏதோ ஒரு கிளைம் நடந்திருக்கலாம். அந்தப் போனஸ் விற்பவருக்குச் சொந்தம், உங்களுக்கு மாறாது. புதிதாகக் கைமாறிய வண்டியிலும் பூஜ்யம் இருக்கும் என்பதால், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் என்ஓசியும் ஆர்சியில் கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கைக்கு வரும் வரை முழுப்பணம் தராதீர்கள். தனியார் ஃபைனான்ஸ் நம் பக்கம் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. பழைய உரிமையாளர் தேதி போடாமல் கையெழுத்திட்ட ஃபார்ம் கன்சல்டிங் மேசை டிராயரில் கிடக்கும். "அண்ணா, பேரு மாத்திக்கலாங்க, என்ன அவசரம், வண்டிய ஓட்டுங்க" என்பார்கள். ஓட்டாதீர்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் இது விற்பவருக்கும் நல்லது என்று எடுத்துச் சொன்னால் கையெழுத்துப் போட வேகமாக வருவார். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். நிலுவை அபராதம் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கட்டச் சொல்லுங்கள்.

விலை

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வண்டி எடுக்க மாட்டார்கள். சாஸ்திரம் பார்க்காதவருக்கு அது நல்ல மாதம், கன்சல்டிங்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். டிசம்பர் கடைசியும் அப்படியே. ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடும் என்று அவருக்கும் தெரியும்.

குறைகளைத் தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் மெக்கானிக் சொன்ன செலவை எழுதி, கூட்டி, மேசையில் வையுங்கள். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று கெஞ்சுவதைவிட அந்தத் தாள் பேசும். போன வருடம் என் மச்சானுக்காகப் பேசியபோது டயர், பெல்ட், லிங்க் ராடு என்று 46,000 எழுதி வைத்தோம். விற்றவர் தாளை எடுத்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். டீ வந்தது. "டயர் மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்றார். பெல்ட்டும் ராடும் விலையில் கழிந்தன.

வண்டி வீட்டுக்கு வந்ததும்

ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் முதல் வாரமே மாற்றுங்கள், எப்போது மாற்றினோம் என்று விற்றவர் சொன்னாலும் சரி. பழைய ஃபாஸ்டேக்கை அவரை முடிக்கச் சொல்லிவிட்டுப் புதிது ஒட்டுங்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள். திம்பம் ஏறுவது, வால்பாறை போவதெல்லாம் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது சாவியை அன்றே வாங்கிவிடுங்கள். "வீட்ல இருக்குதுங்க, அனுப்பி வைக்கிறேன்" என்று ஒருவர் என்னிடம் சொல்லி மூன்று வருடம் ஆகிறது.